ஏட்டய்யாவும் வெள்ளாடும்

பூந்தாங்கலில் இருந்தது ஒரே ஒரு டி.வி. அதுவும் பஞ்சாயத்துடையது. ஒரகடம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால், மாரியம்மன் கோயிலுக்கும் சர்ச்சுக்கும் நடுவில், யாரும் குறை சொல்ல முடியாத இடமாகப் பார்த்து ஒரு சிமெண்டு அறை கட்டி, கம்பிக் கதவு போட்டு, தேங்காய் அளவு பூட்டும் போட்டு வைத்திருந்தார்கள். சாவி நடேசன் இடுப்பில் இருக்கும். தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிற ஆள் அவர், டி.வி. போடுவதும் அவர் தலையில்தான் விழுந்தது. மோட்டார் போட மறந்தால் ஊர் திட்டும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் டி.வி. போட மறந்தால் வீட்டுக்கே போய்ப் பாயோடு தூக்கிக்கொண்டு வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்படி என்ன என்று கேட்பீர்கள். கார்ட்டூன். தில்லிக்காரர்கள் எங்கிருந்தோ வாங்கிப் போட்ட வெளிநாட்டுக் கார்ட்டூன். அதில் ஒரு போலீஸ்காரர். பீப்பாய் உடம்பு, குச்சிக் கால், தலையைப் போல நாலு மடங்கு தொப்பி, நெஞ்சில் ஒரு நட்சத்திரம், ஏறிப் போக ஒரு கோவேறு கழுதை. அவர் பிடிக்க வேண்டிய திருடன் ஒரு வெள்ளாடு. கொடியில் காயும் துணியைத் தின்னும், கடையின் போர்டைத் தின்னும், பிடித்து விலங்கு மாட்டினால் விலங்கைத் தின்னும், கோர்ட்டில் நிறுத்தினால் கூண்டைத் தின்னும். வாரா வாரம் போலீஸ்காரர் ஒரு திட்டம் போடுவார். வாரா வாரம் அந்தத் திட்டத்தில் அவரே போய் விழுவார். மலையிலிருந்து விழுவார், ரயில் ஏறித் தகடாகிப் போவார், தகடாகவே எழுந்து நடந்தும் போவார். ஆடு வளர்க்கிற ஊருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? போதகரே ஞாயிறு ஆராதனையைக் கார்ட்டூனுக்கு முன்னால் முடித்துவிடுவார். முடிக்காவிட்டால் சபை தானாகவே முடித்துக்கொள்ளும் என்பது அவருக்கு முதல் வாரத்திலேயே தெரிந்து போயிற்று.

ஒரே ஒரு குறை, படத்தில் எல்லோரும் இங்கிலீஷில் பேசினார்கள். அதற்கும் ஊர் ஒரு வழி கண்டது. நடேசன் சத்தத்தை அடியோடு குறைத்துவிடுவார். மதிவதனி டி.வி.க்குப் பக்கத்தில் நின்றுகொண்டு போலீஸ்காரர், ஆடு, கழுதை எல்லோருக்குமாகச் சேர்த்துத் தமிழில் பேசுவாள். படத்தில் அவர்கள் நிஜமாக என்ன பேசினார்களோ, அது அவளுக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவள் சொன்ன அளவுக்கு நன்றாக இருந்திருக்காது என்பது ஊரின் முடிவு.

மதிவதனி லாரி டிரைவர் யாக்கோபின் மகள். ஐ.டி.ஐ. படித்தவள். யாக்கோபு தவறிப் போன பிறகு அம்மா தாயாரம்மாளையும் வீட்டையும் தாங்குகிறவள் அவள்தான். தண்டலத்துப் பக்கம் ரோட்டோரம் ஒரு சின்னப் பட்டறையில் டெம்ப்ரவரியாக வேலை. வேலை இருக்கிற நாளில் கூப்பிடுவார்கள், இல்லாத நாளில் கேட்டோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனால் அவள் வாய்க்கு மட்டும் ஒரு நாளும் லீவு கிடையாது. யாரைப் பார்த்தாலும் மறுநாள் அவர் குரல் அவள் தொண்டையில் இருக்கும்.

கார்ட்டூன் போலீஸ்காரருக்கு முதல் வாரம் அவள் சினிமா கதாநாயகன் குரலைக் கொடுத்துப் பார்த்தாள். எடுபடவில்லை. அடுத்த வாரம், என்ன தோன்றிற்றோ, தாண்டவராயன் குரலைக் கொடுத்தாள். அறையின் கூரை பிய்த்துக்கொண்டு போகாததுதான் பாக்கி.

தாண்டவராயன் அந்த வட்டாரத்து ஏட்டு. அவருக்கு மூன்று பழக்கம். தொந்தியை விட்டு நழுவும் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்து மேலே ஏற்றுவார். பேசுவதற்கு முன்னால் இரண்டு தடவை கனைப்பார். எதைச் சொன்னாலும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் "ம்... அப்புறம்?" என்பார். கோழி காணோம் என்றாலும் "ம்... அப்புறம்?" வைக்கோல் போர் எரிகிறது என்றாலும் "ம்... அப்புறம்?" படத்தில் போலீஸ்காரர் மலையுச்சியிலிருந்து விழுந்து, தலையில் பாறையும் விழுந்து, பாறைக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வரும்போது மதி அதே குரலில் "ம்... அப்புறம்?" என்பாள். தாண்டவராயனிடம் வாழ்நாளில் ஒரு புகார் கொடுத்திராதவர்கள்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுவார்கள். அன்றிலிருந்து அந்தப் போலீஸ்காரருக்குப் பூந்தாங்கலில் ஏட்டய்யா என்றே பெயர்.

இது பொங்கல் சமயத்தில் ஆரம்பித்தது. மே மாதம், ஸ்ரீபெரும்புதூரில் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்தது. அந்தப் பக்கத்து மனிதர்கள் கொஞ்ச நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசவே பயந்தார்கள். டி.வி. அறையில் கார்ட்டூன் நின்றது, பிறகு மெல்லத் திரும்பி வந்தது. தாண்டவராயன் மட்டும் ஊர்ப்பக்கம் வரவில்லை. ஏதோ ஸ்பெஷல் டூட்டி என்றார்கள். அவர் வராத தைரியத்தில் மதியின் ஏட்டய்யா இன்னும் கொழுத்தார்.

அப்போதுதான் அவளுக்கு ஆவடிப் பக்கம் ஒரு சர்க்கார் தொழிற்சாலையில் வேலை வந்தது. பரீட்சை எழுதி, நேர்முகமும் முடிந்து, பெயரும் வந்துவிட்டது. நிரந்தர வேலை. போலீஸ் விசாரணை ஒன்றுதான் பாக்கி. மற்ற வருஷமாக இருந்தால் அது ஒரு சடங்கு. இந்த வருஷம் அப்படி இல்லை. பக்கத்து ஊரில் ஒருவனைப் பற்றி "நடத்தை சரிவரத் தெரியவில்லை" என்று எழுதிப் போய்விட, வந்த வேலை வந்த வழியே போய்விட்டது. ஆடி போய், ஆவணி போய், புரட்டாசியும் போயிற்று. மதியை விசாரிக்க யாரும் வரவில்லை. கடைசியில் ஒரு நாள் ஸ்டேஷன் பக்கம் போய் வந்த நடேசன் சேதி கொண்டுவந்தார். அவளுடைய காகிதம் வந்துவிட்டதாம். விசாரிக்க வரப்போவது தாண்டவராயன்.

மதிக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. தாயாரம்மாள் அதில் உப்பும் போட்டாள்.

"எத்தினி வாட்டி தலப்பாடா அடிச்சிகினேன்! ஊர்ல எத்தினி கொரலு கீது? போலீசு கொரலு தான் கெடச்சிதா உனுக்கு? சாமியாரு கொரல்ல பேசு, வாத்தியாரு கொரல்ல பேசு, அவங்க இன்னா உன் வேலைல கை வெக்கவா போறாங்க?"

"அவுருக்கு யாரும்மா போய்ச் சொல்லப் போறாங்க?"

"ஊரே சிரிச்சிகீது. சிரிச்ச வாயி சும்மா கீமா?"

அந்த வாரம் முழுக்க மதி யார் குரலிலும் பேசவில்லை. சொந்தக் குரலில் பேசுவதைக்கூடக் குறைத்துக்கொண்டாள்.

ஐப்பசி பிறந்து முதல் ஞாயிறு. ராத்திரி பெய்த மழை விட்டிருந்தது. டி.வி. அறையில் கூட்டம் நிரம்பி, வாசல் வரை செருப்பு. இந்த வாரம் பேசமாட்டேன் என்று மதி ஒற்றைக்காலில் நின்றாள். கூட்டம் விடவில்லை. பேச வேண்டாம், அந்த பெல்ட்டை மட்டும் ஒரு தடவை தூக்கிக் காட்டு போதும் என்று கெஞ்சினார்கள். கலைஞர்களின் பலவீனம் அங்கேதான் இருக்கிறது. மதி இரண்டு கையையும் இடுப்புக்குக் கொண்டுபோய், இல்லாத தொந்திக்கு மேலே இல்லாத பெல்ட்டை ஏற்றினாள்.

சிரிப்பு வர வேண்டிய இடத்தில் வரவில்லை. எல்லோரும் அவளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கம்பிக் கதவருகே யூனிஃபார்மில் தாண்டவராயன் நின்றிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி அம்சவல்லி, மொபெட்டில் வந்த காற்றில் கலைந்த தலையைச் சரி செய்துகொண்டு.

"இங்க யாக்கோபு பொண்ணு மதிவதனின்றது யாரு?"

இடுப்பில் வைத்த கையை எடுக்க மறந்தபடி மதி சொன்னாள், "நான்தான் சார்."

"உன் வேலை விஷயமா விசாரிக்க வந்தேன்."

அவர் கனைக்கவில்லை. அப்புறம் என்று கேட்கவில்லை. பெல்ட்டைத் தூக்கவும் இல்லை. தூக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை, தொந்தி போய்விட்டிருந்தது. சட்டை அவர் மேல் இரவல் வாங்கியது போலத் தொங்கிற்று. மதி இதையெல்லாம் பார்த்தாள், ஆனால் பயத்தில் ஒன்றும் மனதில் ஏறவில்லை. எல்லாம் தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறார், அதனால்தான் இப்படி இறுகிப் போய் நிற்கிறார் என்று நினைத்தாள்.

"வூட்டுக்குப் போலாம் சார், அம்மா கீறாங்க, காப்பி..." என்று ஆரம்பித்தாள்.

அம்சவல்லி குறுக்கே வந்தாள். "ஏங்க, படம் போடப் போறாங்க போலகீதே. பாத்துட்டே விசாரிங்களேன். இப்ப இன்னா அவசரம்?"

நடேசன் சட்டென்று டி.வி.க்கு முன்னால் வந்து நின்று மறைத்துக்கொண்டார். "டி.வி. ரிப்பேரும்மா. ஒரு வாரமா படமே வர்றதில்ல."

அவர் முதுகுக்குப் பின்னால் கார்ட்டூனின் ஆரம்ப இசை டம் டம் என்று முழங்கிற்று.

தாண்டவராயனுக்கு அறையில் இருந்த ஒரே இரும்பு நாற்காலியைப் போட்டார்கள். அம்சவல்லி பெண்களோடு தரையில் உட்கார்ந்தாள். விஷயம் காதுக்கு எட்டி ஓடி வந்த தாயாரம்மாள் கதவருகே நின்று, மகளைப் பார்த்து உதட்டின் மேல் விரலை வைத்தாள். மதி அம்மா சொல்படி வாயை மூடிக்கொண்டாள், சத்தத்தை யாரும் குறைக்கவில்லை. படம் இங்கிலீஷில் ஓடிற்று. யாரும் சிரிக்கவில்லை. ஒரு சாவு வீட்டில் டி.வி. ஓடுவது போல இருந்தது.

"ஒண்ணும் புரியலியே," என்றாள் அம்சவல்லி. "இங்க யாரோ தமிழ்ல சொல்வாங்கன்னு கேள்விப்பட்டேன்?"

ஊரே ஒட்டுமொத்தமாக மதி இல்லாத பக்கமாகப் பார்த்தது. மேலே பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள், சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தார்கள். அதிலேயே அது யார் என்று விளங்கிவிட்டது.

"நீதானா?" என்றார் தாண்டவராயன். "சொல்லு."

தப்பிக்க வழியில்லை. நடேசன் சத்தத்தைக் குறைத்தார். மதி ரேடியோவில் விவசாயிகளுக்கு யோசனை சொல்கிற குரலை எடுத்துக்கொண்டாள். ஒரு முடிவுக்கு வந்தாள்: இன்றைக்கு ஏட்டய்யா ஒரு தப்பும் செய்யமாட்டார்.

படத்தில் போலீஸ்காரர் ஆட்டை ஜெயிலுக்குள் தள்ளி, கதவைச் சாத்திப் பூட்டினார். பூட்டிவிட்டுப் பார்த்தால் அவர் உள்ளே, ஆடு வெளியே. ஆடு சாவியையும் தின்றது.

"நம்ம ஏட்டய்யா," என்றாள் மதி, "கைதிங்களுக்கு ஜெயில்ல வசதியெல்லாம் சரியா கீதான்னு தானே உள்ள போய் தங்கிப் பாக்கறாரு. எந்த ஆபீசரு இப்படிச் செய்வாரு?"

பின்வரிசையில் ஒருவர் கர்ரென்று சத்தம் எழுப்பித் துண்டை வாயில் திணித்துக்கொண்டார்.

போலீஸ்காரர் ஜன்னல் கம்பியை வளைத்து வெளியே தலையை நீட்டினார். கழுதை விட்ட உதையில் பறந்து போய் ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் தலைகீழாக விழுந்தார். கால் இரண்டும் மேலே ஆடின.

"பொதுமக்கள் குடிக்கற தண்ணி சுத்தமா கீதான்னு ஏட்டய்யா நேர்ல பரிசோதன பண்றாரு."

தண்ணீர்த் தொட்டி என்றதும் நடேசனுக்கே தாங்கவில்லை. டி.வி.யின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார். மதி கண்ணால் மிரட்டிப் பார்த்தாள். பயனில்லை. அவள் ஏட்டய்யாவைத் தூக்கித் தூக்கிப் பேசப் பேச, அவர் அங்கே விழுந்து விழுந்து மானத்தை வாங்கினார். ஆடு அவர் கால்சட்டையின் பின்பக்கத்தைக் கடித்துத் தின்றுவிட்டது. உள்ளே பூப்போட்ட டவுசர்.

"யூனிஃபார்ம் பழசாயிடுச்சி, புதுசு வேணும்னு சர்க்காருக்கு..." மதியின் குரல் உடைந்தது. "சர்க்காருக்கு மனு போடறாரு."

பூந்தாங்கல் அதுவரை அப்படிச் சிரித்ததில்லை. ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். சிரிக்காத முகம் அந்த அறையில் இரண்டுதான். ஒன்று மதியுடையது. இன்னொன்று நாற்காலியில் இருந்தது.

"நிறுத்து," என்றார் தாண்டவராயன்.

அறை அடங்கிற்று.

"நானும் பாத்துகினே கீறேன். அந்த ஆளு வுழறான். நீ பரிசோதனன்ற. அவன் துணி கிழியுது. நீ மனுன்ற. கண்ணு முன்னால நடக்கறத ஏன் மாத்திச் சொல்ற?"

ஆவடி போயிற்று, தொழிற்சாலை போயிற்று, மாதச் சம்பளம் போயிற்று, எல்லாம் இந்த வாயால் போயிற்று என்று நினைத்தபோது மதிக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. அதற்குள் தாயாரம்மாள் கூட்டத்தை மிதித்துக்கொண்டு வந்து நாற்காலிக்கு முன்னால் கையைக் கூப்பிவிட்டாள்.

"ஐயா, அறியாப் பொண்ணு, மன்னிச்சிடுங்கய்யா! உங்கள மாதிரியே கனைக்காத, உங்கள மாதிரியே பெல்ட்ட தூக்காத, ஏட்டய்யான்னு அவுருக்குப் பேரு வெக்காதன்னு எவ்ளோ சொன்னேன்! கேக்கலியே! வேலைல மட்டும் கை வெச்சிடாதீங்கய்யா!"

யாரும் கேட்காமலேயே பெற்ற தாய் முழு வாக்குமூலத்தையும் கொடுத்து முடித்தாள். மதி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அது தெரிஞ்சிதானேம்மா இவர இட்டாந்தேன்," என்றது அம்சவல்லியின் குரல்.

மதி கண்ணைத் திறந்தாள். அம்சவல்லி எழுந்து நின்றிருந்தாள். கோபமாக இல்லை. கூட்டத்தைப் பார்த்துப் பேசிப் பழக்கமில்லாதவள் போல முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு, மதியை மட்டும் பார்த்துப் பேசினாள்.

"மே மாசம் அன்னிக்கு இவரு அங்க பந்தோபஸ்து, பாப்பா. இவருகூட நின்னவங்க ரெண்டு பேரு. காலைல ஒண்ணா இட்லி துன்னவங்க. இவரு தண்ணி குடிக்க இப்படி நவுந்தாரு. அவங்க நவுறல." கொஞ்சம் நிறுத்தினாள். "அதுலேர்ந்து டூட்டிக்குப் போறாரு, வர்றாரு. சோறு போட்டா துன்றாரு. ஒரு வார்த்த ஜாஸ்தி இல்ல. அந்தக் கனைப்பு, அப்புறம் அப்புறம்னு உயிர வாங்குவாரே, எதுவும் இல்ல. வூட்ல வேற ஆளு கீற மாதிரி கீது. போன வாரம் உங்கூரு பூக்காரி வந்து சொன்னா, யக்கா, உங்க வூட்டுக்காரு எங்கூருல வாரா வாரம் பேசறாருன்னு. பழய ஆளு எங்கியோ ஒரு எடத்துல கீறாரேன்னு இருந்துது எனக்கு. பாக்கணும்னு இவர இட்டாந்தேன். நீ இன்னாடான்னா வேற யாரு மாதிரியோ பேசிகினு கீற."

இத்தனை மாதமாக ஒரு மனிதரை வைத்துச் சிரித்தோம், அவர் எங்கே போனார் என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லையே என்று மதிக்கு இருந்தது. அவள் தாண்டவராயனைப் பார்த்தாள். அவர் மனைவியைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. மடியில் இருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

"பேசு," என்றார். "எப்பவும் போல பேசு."

மதி இரண்டு கையையும் இடுப்புக்குக் கொண்டு போனாள். பெல்ட்டை ஏற்றினாள். இரண்டு தடவை கனைத்தாள். "ஏய் ஆடு, சட்டம்னு ஒண்ணு கீதுன்றத மறந்துட்டியா நீ?" என்று தாண்டவராயன் குரலில் கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை, எப்படிச் சிரிப்பார்கள்? அம்சவல்லி மட்டும் ஊரில் இல்லாதவர் யாரோ திரும்பி வந்துவிட்டது போலச் சட்டென்று நிமிர்ந்தாள்.

படம் ஓடிற்று. ஆடு ஒரு பெட்டியைக் கொண்டு வந்தது. ரிப்பன் கட்டிய பரிசுப் பெட்டி. போலீஸ்காரர் பல்லெல்லாம் தெரிய அதை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். பெட்டியின் பின்பக்கத்தில் ஒரு திரி, நுனியில் நெருப்பு, சுருசுருவென்று குறைந்துகொண்டே வந்தது.

பெட்டி வெடிப்பது அந்தக் கார்ட்டூனில் எத்தனையோ தடவை வந்திருக்கிறது. அதுவரை அதை அவர்கள் வெறும் பெட்டி என்றே பார்த்தார்கள். அது குண்டு என்பது இப்போது அறையில் இருந்த எல்லோருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது. மதியின் பேச்சு நின்றது. நடேசன் பாய்ந்து ஸ்விட்சில் கை வைத்தார்.

"வுடு நடேசா," என்றார் தாண்டவராயன். நாற்காலியின் கையை அவர் பிடித்திருந்த பிடியில் விரல் வெளுத்திருந்தது.

பெட்டி வெடித்தது. சத்தம் இல்லை, குறைத்து வைத்திருந்தார்களே. வெள்ளை வெளிச்சம் மட்டும் எல்லோர் முகத்திலும் அடித்துவிட்டுப் போயிற்று. பிறகு திரை முழுக்கப் புகை. அந்தப் புகை கலைவதற்கு இத்தனை நேரமா ஆகும் என்று மதிக்கு இருந்தது. ஏதாவது பேசு, பேசு என்று அவள் தன்னையே உலுக்கினாள்.

புகை விலகிற்று. போலீஸ்காரர் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். சோற்றுப் பானை அடியைப் போலக் கருகி, இரண்டு கண் மட்டும் வெள்ளையாகக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு. தொப்பியில் மிச்சம் ஒரு வளையம்தான். ஒரு நிமிஷம் யோசித்தார். பெல்ட் கழன்று கணுக்காலில் விழுந்தது. குனிந்து, எடுத்து, மேலே ஏற்றிக்கொண்டார்.

நாற்காலியில் ஒரு கனைப்புக் கேட்டது. இன்னொரு கனைப்பு.

"ம்... அப்புறம்?" என்றார் தாண்டவராயன்.

சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவர் போலத் திடுக்கிட்டார். அம்சவல்லி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அது சிரிப்பா வேறா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. அதைக் கேட்டுத்தான் அவருக்கு ஆரம்பித்தது. முதலில் விக்கல் போல ஒன்று. பிறகு தோள் குலுங்கிற்று. பிறகு அந்த இரும்பு நாற்காலியே கிறீச்சிட ஆரம்பித்தது. தலையைப் பின்னால் சாய்த்து அவர் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். ஊரும் பயம் விட்டுச் சேர்ந்துகொண்டது. கார்ட்டூனில் ஆடு இப்போது என்ன தின்கிறது என்று யாருக்கும் அக்கறை இல்லை.

"எழுந்துட்டான் பாத்தியா," என்று மனைவிக்குத் திரையைக் காட்டினார். தொப்பியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எழுந்துட்டான்டி. எவ்ளோ வுழுந்தாலும் எழுந்துடுவானா இவன்?"

"எழுந்துடுவாரு சார்," என்றாள் மதி. அவளுக்குச் சொந்தக் குரல் திரும்பி வந்திருந்தது. "வாரா வாரம் எழுந்துடுவாரு."

அவர் தலையை ஆட்டினார். சிரிப்பு அடங்கிய பிறகும் கண்ணைத் துடைப்பது மட்டும் கொஞ்ச நேரம் நிற்கவில்லை. யாரும் அதைப் பார்க்காத மாதிரி இருந்தார்கள். இந்தத் தடவை அதை ஒழுங்காகவே செய்தார்கள்.

படம் முடிந்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை. தாண்டவராயன் பையிலிருந்து காகிதத்தை எடுத்துத் தொடை மேல் வைத்துக்கொண்டார். மதி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு வேறு, சர்க்கார் வேறு அல்லவா? அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் சொல்ல வேண்டும் என்றார். அறையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.

"ரெண்டு பேரு போதும்பா. நடேசா, நீ சொல்லு. பொண்ணு நடத்த எப்படி?"

"தங்கமான பொண்ணு சார். வாய் ஒண்ணுதான்..." தாயாரம்மாள் பார்த்த பார்வையில் நடேசன் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

"வாயப் பத்தி இதுல கேக்கல," என்றார் தாண்டவராயன். எழுதினார். மதியைப் பார்த்துப் பேனாவைத் தூக்கிப் பிடித்தார். "அந்தக் கம்பெனில ஞாயித்துக்கிழம லீவு உண்டா?"

இதுவும் விசாரணையில் ஒரு கேள்வி போலிருக்கிறது என்று மதி நினைத்தாள். "உண்டு சார். ஓ.டி. இருந்தா மட்டும் கூப்புடுவாங்களாம்."

"ஓ.டி.க்கு ஞாயித்துக்கிழம வர முடியாதுன்னுடு. கேட்டா, போலீஸ் உத்தரவுன்னு சொல்லு." குனிந்து கடைசி வரியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். "நல்ல நடத்தைன்னு எழுதிட்டேன். நாளைக்கே அனுப்பிடறேன். போய் வேலைல சேருற வழியப் பாரு."

நன்றி சொல்லத்தான் மதி வாயைத் திறந்தாள். ஊரில் எல்லோர் குரலிலும் பேசத் தெரிந்த அந்த வாயிலிருந்து அழுகைதான் வந்தது. அப்படியே அம்மாவின் தோளில் சாய்ந்து, அறை என்றும் கூட்டம் என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதாள். தாயாரம்மாள் "ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்று மகளின் முதுகைத் தட்டிக்கொண்டே தானும் அழுதாள். தாண்டவராயனுக்கு ஒன்றும் புரியவில்லை. எழுதியதை ஒரு தடவை எடுத்துப் படித்துப் பார்த்தார்.

"இன்னாடி இது? நல்லபடியாதானே எழுதனேன். எதுக்கு அழுவுது?"

"அழட்டும் வுடுங்க," என்றாள் அம்சவல்லி. "நீங்க சிரிக்கறதுக்கு இத்தினி மாசம் ஆச்சி. அதுவும் வேல வருமா வராதான்னு அத்தினி மாசமா பயந்துகினேதான் இருந்துகீது."